பன்னிரண்டாவது கனெக்‌ஷன்

அந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் இருந்தவர்கள்:

உதுமான் பாய், கடைக்குச் சொந்தக்காரர்.

சஃப்ரீன், அவருடைய அண்ணன் மகள். கஸ்டமர் போன்களை எடுப்பவள்.

வெங்கடேஷ். நான்தான்.

பூலோகம். அவர் அறையில் இல்லை, திரையில் இருந்தார்.

மாரிசெல்வி. அவள் செத்துப் பதிமூன்று மாதம் ஆகியிருந்தது.

வாஷியில் ஒரு நெட் கம்பெனியில் இரண்டு வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். ராத்திரி மூன்று மணிக்கு எவனோ ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று கத்துவான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்று நான் சொல்ல வேண்டும். தூக்கம் போனது, பிறகு பசி போனது, வேலையை விட்டேன். பகலில் மட்டும் வேலை என்று உதுமான் பாய் சொன்னதால் மார்ச் மாதம் தாராவிக்கு வந்தேன்.

பாயின் கடை ஒரு தோல்பை தைக்கும் பட்டறைக்கு மேலே இருக்கிறது. செங்குத்தான இரும்பு ஏணி. மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற முடியும். ஏறினால் பத்துக்குப் பத்து அறை, மூன்று திரை, ஒரு ஃபேன். கீழே பட்டறையிலிருந்து பசை வாடையும் தோல் வாடையும் பலகை இடுக்கு வழியாக வந்துகொண்டே இருக்கும். ஒரு வாரத்தில் மூக்கு அதை மறந்துவிடும். வாடை நின்றால்தான் தெரியும்.

சுற்றியிருக்கும் சந்துகளுக்கு நெட் கொடுப்பதுதான் பாயின் தொழில். எங்கள் சந்தில் உச்சிப்பொத்தைக்காரர்கள் முப்பது குடும்பம். அது தெற்கே மலையடிவாரத்தில் நாற்பது வீடு இருக்கும் ஊர். ஊருக்குள் எந்தப் போனுக்கும் சிக்னல் கிடையாது. பேச வேண்டுமானால் மேற்கே நிற்கும் மொட்டைப் பாறையில் ஏற வேண்டும். அதற்குத்தான் பொத்தை என்று பெயர்.

"ஊரு பேரு தெரியாதவனுக்கெல்லாம் நெட் குடுக்கிய, எங்க ஊருக்குக் குடுத்தா கை தேஞ்சா போகும் பாய்?" என்று அவர்கள் ஏணியில் பாதி ஏறி நின்று கேட்பார்கள். வருஷக்கணக்காகக் கேட்டார்கள்.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் வரை ஃபைபர் வந்து நின்றிருந்தது. அங்கிருந்து காற்று வழியே இழுக்கப் பொத்தையின் உச்சியில் ஒரு டிஷ் நட வேண்டும். நாங்கள் யாரிடமிருந்து லைன் வாங்குகிறோமோ அந்தக் கம்பெனி ஒரே நிபந்தனை போட்டது. பன்னிரண்டு வீடு வேண்டும். முதல் தொண்ணூறு நாள் பன்னிரண்டும் ஒரு நாள் விடாமல் ஓட வேண்டும். ஒன்று நின்றாலும் டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

பதினொன்று கிடைத்தது.

பன்னிரண்டாவது, நான் செய்த வேலை.

அந்தப் பக்கத்து லைன்மேன் சங்கரன். தெருக்கோடியில் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டின் கரண்ட் பில்லையும் ஆதார் அட்டையையும் போட்டோ எடுத்து அனுப்பினார். சாவி அந்த வீட்டுக்காரனின் அம்மா முப்பிடாதியம்மாளிடம் இருந்தது. அட்டையில் மாரிசெல்வி என்று இருந்தது.

"அந்தப் பிள்ள செத்துப்போச்சு சார். பேரை மாத்தணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம், அதுலயே போடுங்க."

"ஆளில்லாத வீட்டுல நெட்டை யாரு சார் ஓட்டுவா? பல்லியா?"

"சும்மா கிடக்கிற போன் ஏதாவது இருந்தா சார்ஜர்ல சொருகி, கேமரா ஆப் போட்டு வைங்க. நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் இங்க ஓட விடுறேன். டேட்டா ஓடினாப் போதும்."

நான்கு மணி என்று நான் சொன்னதற்குக் காரணம் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் எங்கள் கடையில் வேலை குறைவு.

அந்த வீட்டு மாடக்குழியில் கண்ணாடி கீறிய போன் ஒன்று கிடந்தது. சங்கரன் அதையே வைத்துவிட்டார். யாருடைய போன் என்று நான் கேட்கவில்லை.

புதிய கனெக்‌ஷன் என்றால் கம்பெனியிலிருந்து கஸ்டமரின் நம்பருக்கு ஒரு போன் போகும். பெயரைச் சொல்லி, கனெக்‌ஷன் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும் என்று சொல்லவேண்டும். விண்ணப்பம் போட்ட மறுநாளே போர்டலில் பச்சை விழுந்தது. ஒரு பெண் பேசி ஒப்புக்கொண்டதாகப் பதிவாகியிருந்தது. சங்கரன் வீட்டுப் பெண்கள் யாரையாவது பேச வைத்திருப்பார் என்று நினைத்தேன். கெட்டிக்காரர் என்றும் நினைத்தேன்.

ரவுட்டர் மாட்டிய நாளிலிருந்து தினமும் நான்கு மணிக்கு, மூன்றாவது திரையில், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பூட்டிக்கிடக்கும் ஒரு வீட்டின் உள்ளே தெரியும்.

ஓட்டுக்கூரை. நடுவில் ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக ஒரு துண்டு வெளிச்சம் தரையில் விழும். எதிரே மூடிய கதவு. மூலையில் சுருட்டிய பாய். ஒரு பிளாஸ்டிக் குடம். கொடியில் ஒரு துணி. ஓரத்தில் ரவுட்டரின் பச்சை விளக்கு. அவ்வளவுதான்.

"பேய் வீட்டுச் சேனல் ஆரம்பிச்சாச்சு. நடுவுல ஆட்-வாட் விளம்பரம் எதுவும் கிடையாது, பக்கா," என்பாள் சஃப்ரீன். பஜியா தின்றுகொண்டே பார்ப்பாள்.

ஊரில் நெட் நன்றாக ஓடியது. ஒருவர் ஏணியேறி வந்து, பிறந்து மூன்று நாளான மகளைத் திரையில் பார்த்ததாகச் சொல்லி பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். பாய் சந்தோஷமாக இருந்தார். நானும்தான்.

ஐம்பதாவது நாள் வாக்கில், டேட்டா ஓடிய பதிவைப் பார்க்கும்போது ஒன்று கவனித்தேன். கேமராவுக்கு ஒரே சீராக டேட்டா போக வேண்டும். பன்னிரண்டாவது வீட்டில் மட்டும் நான்கு பத்திலிருந்து நான்கு முப்பத்தொன்று வரை அது துடித்தது. சின்னச் சின்னதாக ஏழு துடிப்பு. யாரோ கூப்பிட்டு, கிடைக்காமல், மறுபடி கூப்பிடுவதுபோல. முந்தின நாளும் ஏழு. அதற்கு முந்தின நாளும் ஏழு.

அடுத்த வாரம், சுருட்டியிருந்த பாய் விரிந்து கிடந்தது.

சங்கரனைக் கேட்டேன். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. முப்பிடாதியம்மாள் சாவியை இடுப்பில் முடிந்து வைத்திருந்தாள்.

"எலி இழுத்திருக்கும்," என்றாள் சஃப்ரீன். அன்றைக்கு அவள் பஜியா வாங்கவில்லை.

பிறகு சத்தம் வந்தது. மூடிய வீட்டுக்குள் பல்லி கத்துவது கேட்கலாம், ஓடு முறிவது கேட்கலாம். எங்களுக்குக் காற்று கேட்டது. மறைப்பு ஒன்றும் இல்லாத உயரத்தில் நின்று போன் பேசினால் காதில் மோதுமே, அந்தக் காற்று. திரையில் கொடியில் தொங்கிய துணி அசையவில்லை.

அறுபத்திரண்டாவது நாள் ஏணியில் ஒரு ஆள் ஏறி வந்தார். கீழே பட்டறையில் தைக்கிறவர். நீலச் சட்டை, விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை. கயிற்றைப் பிடித்த கையில் போனும் இருந்தது.

"தம்பி, ஒரு சந்தேகம். ஊருக்கு நெட் வந்ததுலேர்ந்து என் பொஞ்சாதி நம்பர்லேர்ந்து எனக்கு மிஸ்டு கால் வருது. டெய்லி. எங்க அம்மா கை பட்டு அமுங்குதோன்னு நெனச்சேன். அம்மையைக் கேட்டா, நான் அந்தப் போனைத் தொடவே இல்லங்கா."

"எத்தனை தடவை வருதுண்ணே?"

"ஏழு."

அவர் பூலோகம். மேற்கொண்டு எதுவும் கேட்பதற்கு முன் அவர் கண் மூன்றாவது திரைக்குப் போய்விட்டது. மணி நான்கு ஐந்து.

"இது எங்க வீடுல்லா," என்றார்.

சஃப்ரீன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "பாகல் ஹை க்யா, பைத்தியமா நீ? அவங்க போனையேவா வச்ச?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

பூலோகம் கோபப்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார். பட்டறையில் நான்கு மணிக்கு டீ. அவள் தினமும் அந்த நேரத்துக்குப் பொத்தையில் ஏறிக் கூப்பிடுவாள். பேச்சு ஒன்றேதான். "இங்க குடியிருக்க எடம் பாத்துட்டியளான்னு கேப்பா. நானும் பாத்துக்கிட்டு இருக்கேம்பேன். எங்க பாத்தேன்? ராத்திரி பட்டறையிலயே பையோட பையாக் கிடந்தேன். அவளைக் கொண்டாந்து எங்க வைக்க?"

போன வருஷம் ஜூன் மாதம். முந்தின நாள் சண்டை. மறுநாள் நான்கு பத்துக்கு அழைப்பு வந்தது. அவர் கட் பண்ணினார். மறுபடி வந்தது. கட் பண்ணினார். அங்கே சாரல். சிக்னல் சரியில்லாததால்தான் அழைப்பு அறுந்துபோகிறது என்று நினைத்துக்கொண்டு அவள் இன்னும் மேலே ஏறியிருக்கிறாள். ஏழாவது அழைப்பு நான்கு முப்பத்தொன்றுக்கு.

"வழுக்குன எடம் எதுன்னு தெரியுமா? உங்க டிஷ்ஷு நிக்கிற எடம். அங்கதான் நல்லாக் கெடைக்கும்."

அப்போது அவர் கையிலிருந்த போன் அடித்தது.

மணி நான்கு பத்து.

யாரும் எடுக்கவில்லை. நான்கு முப்பத்தொன்றுக்குள் அது ஏழு முறை அடித்து ஓய்ந்தது. திரையில் அறை அப்படியே இருந்தது.

அவர் இறங்கிப் போனபின் சங்கரனுக்குப் போன் போட்டு, சரிபார்ப்பு அழைப்பில் பேசியது யார் என்று கேட்டேன்.

"நீங்கதான அங்க யாரையோ பேச வச்சீங்க?" என்றார் சங்கரன்.

போர்டலில் எல்லா அழைப்பின் பதிவும் இருக்கும். தேடி எடுத்தேன். பாயும் குனிந்து கேட்டார். கம்பெனிக்காரன் பெயரைச் சொல்கிறான், கனெக்‌ஷன் வேண்டுமா என்று கேட்கிறான். காற்று இரைகிறது. பிறகு ஒரு பெண் குரல், மூச்சு வாங்க, ஏறிவந்தவள்போல.

"ஆமா, வேணும். சீக்கிரம் குடுங்க."

பதிவு முடிந்தது. பாய் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வேறொன்று உறைத்தது. இந்த அழைப்பு மாரிசெல்வியின் நம்பருக்கு, ரவுட்டர் மாட்டுவதற்கு முந்தின நாள் போயிருந்தது. போன் அப்போதும் மாடக்குழியில்தான் கிடந்தது. அந்த வீட்டுக்குள் சிக்னலே கிடையாது.

"இப்பவே கட் பண்ணுங்க சாச்சா," என்றாள் சஃப்ரீன்.

"கட் பண்ணினா ஊருக்கே போயிரும்மா. இன்னும் இருபத்தெட்டு நாள்தான. தொண்ணூறு முடியட்டும். அடுத்த நிமிஷம் கட். அதுவரைக்கும் அந்தத் திரையைத் திருப்பி வைங்க."

திருப்பி வைத்தோம். பூலோகம் வந்து நேராக்கினார்.

அவர் தினமும் நான்கு மணிக்கு வந்தார். கீழே முதலாளி கெட்ட வார்த்தையில் கூப்பிடுவார், காதில் வாங்கமாட்டார். ஸ்டூலைத் திரைக்கு அருகே இழுத்துப்போட்டு உட்காருவார். தொண்ணூறாவது நாள் எந்தக் கிழமை என்று சஃப்ரீனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். சனிக்கிழமை.

"போன் வந்தா மட்டும் எடுத்துராதீங்க அண்ணே," என்றேன்.

"அன்னைக்கும் எடுக்கல," என்றார்.

ஜூலையில் தாராவியில் நல்ல மழை. ஏணிக்குக் கீழே முழங்கால் தண்ணீர். எண்பத்தேழாவது நாள், புதன்கிழமை, நான்கு மணிக்கு முன்பே ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று புரியவில்லை. சஃப்ரீன்தான் மூக்கை உறிஞ்சினாள்.

பசை வாடை இல்லை.

கீழே பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தம் கேட்டது. ஆனால் தோல் வாடை இல்லை, பசை வாடை இல்லை, சாக்கடை வாடைகூட இல்லை. நனைந்த பாறை வாடை அடித்தது. வெயிலில் காய்ந்த கல்லில் முதல் தூறல் விழுந்தால் வருமே, அது.

நான்கு பத்துக்குப் போன் அடித்தது. பூலோகம் எடுத்துவிட்டார்.

ஸ்பீக்கரில் காற்று.  பிறகு அங்கிருந்து குரல் வந்தது. மெதுவாக. வாயைப் போனோடு ஒட்டி வைத்துப் பேசும் குரல்.

"எடம் பாத்துட்டியளா?"

அவர் அழவில்லை. நல்ல பிள்ளைபோலத் தலையை ஆட்டினார். "பாக்கேன்," என்றார். "சனிக்கிழமைக்குள்ள பாத்துருதேன்."

அன்றைக்கு மீதி ஆறு தடவை அடிக்கவில்லை.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. கீழே கேட்டோம். காலையில் தாதரில் ரயில் ஏறிவிட்டாராம். போன் ஸ்விட்ச் ஆஃப். பாய் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார், அவர் வந்தால் அந்த வீட்டுக்குள் விடாதீர்கள் என்று. கனெக்‌ஷனைக் கட் பண்ணிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்க நமக்கு இருக்கும் ஒரே கண் அதுதான் என்று பாய் சொன்னார். அதுவும் சரிதான்.

பின்னால் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை போலீஸ் முன்னால் முப்பிடாதியம்மாள் பூட்டைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. கதவோரம் பூலோகத்தின் செருப்பு இருந்தது. விரித்த பாயில் இரண்டு டம்ளர். ஒன்றில் டீ ஆடை கட்டியிருந்தது. ஊரில் அவரைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அவர் இன்றுவரை கிடைக்கவில்லை.

சனிக்கிழமை நாங்கள் பார்த்தது இதுதான்.

நான்கு மணி. படம் வந்தது. கண்ணாடி ஓட்டு வெளிச்சம், கதவு, பாய், குடம். பக்கத்து வீட்டு நெட் வழியாக முப்பிடாதியம்மாளைப் பாய் பிடித்துவிட்டார்.

"ஆத்தா, மகன் வந்தாரா?"

"வரலியே சாமி. காலேலேர்ந்து வாசல்லயே இருக்கேன். சாவி எங்கிட்ட இருக்கு. பூட்டைப் பாத்துட்டுத்தான் வாரேன், பூட்டினது பூட்டினபடி கெடக்கு."

நான்கு பத்து. பூலோகத்தின் போன் எங்களிடம் இல்லை. ஆனாலும் எங்கள் கடை அறையில் எங்கோ, பலகைக்கு அடியிலோ சுவருக்குள்ளோ, ஒரு போன் அதிர்வது கேட்டது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. சஃப்ரீன் விரல் விட்டு எண்ணினாள்.

வாடை வந்துவிட்டது. நனைந்த பாறை.

ஏழாவது நின்றபோது மணி நான்கு முப்பத்தொன்று.

திரையில் கதவு திறந்தது.

பூலோகம் உள்ளே வந்தார். தோளில் பை. நீலச் சட்டை உடம்போடு ஒட்டி நனைந்திருந்தது. செருப்பைக் கதவோரம் கழற்றிவிட்டார். அவசரமே இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவன்போல.

"அங்க கதவு தெறந்திருக்கு ஆத்தா! ஓடுங்க!" என்று பாய் கத்தினார்.

"எங்க தெறந்திருக்கு? இங்கேர்ந்தே தெரியுதே, பூட்டு தொங்குது," என்றாள் அவள்.

நான் போர்டலைத் திறந்து பன்னிரண்டாவது கனெக்‌ஷனைக் கட் பண்ணினேன். நிறுத்தப்பட்டது என்று சிவப்பில் வந்தது. திரையில் தெரிந்த ரவுட்டரிலும் பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது.

படம் நிற்கவில்லை.

நான் மூன்றாவது திரையின் கேபிளைப் பிடுங்கினேன்.

படம் நிற்கவில்லை.

பூலோகம் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்கு அருகே, கொஞ்சம் கீழே, ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் முகம் எங்கே இருக்குமோ அங்கே பார்த்தார்.

"எடம் பாத்துட்டேன் செல்வி."

பதில் மைக்குக்கு மிக அருகிலிருந்து வந்தது. வளையல் சத்தத்தோடு.

"அப்போ உள்ள வாங்க."

அவர் வந்தார். வெளிச்சத் துண்டைத் தாண்டி, எங்களை நோக்கி, படத்தின் ஓரத்துக்கு வந்தார். சட்டையின் நீலம் திரையை நிறைத்தது. பிறகு விலகியது. அறை காலி.

கதவு மட்டும் திறந்து கிடந்தது. வெளியே தெரு இல்லை. வெறும் வானமும், சாரலும், ஒரு பாறை விளிம்பும்.

கதவு மெதுவாக மூடத் தொடங்கியது.

"ரெண்டு பேரும் உள்ளதான இருக்காங்க," என்று சஃப்ரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "அப்ப வெளியேர்ந்து சாத்துறது யாரு?"

கதவு சாத்திக்கொண்டது. வெளியே நாதாங்கி இழுபட்டது. பூட்டு அழுந்தும் சத்தம் கேட்டது.